ஏழைப் பிள்ளையின் பங்கு: லிண்டன் ஜான்சனும் ஒரு கல்விச் சட்டமும்

அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர்கள் பலர் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் காட்சி இது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு கட்டுத் தாள்கள் வந்து சேரும். மதிய உணவுப் பட்டியல், பேருந்து நேரம், தடுப்பூசி விவரம் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு தாளில், பள்ளி செய்ய வேண்டியது இது, பெற்றோர் செய்ய வேண்டியது இது, மாணவர் செய்ய வேண்டியது இது என்று மூன்று பத்திகள் இருக்கும். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். உம்மா அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அது என்ன தாள், ஏன் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

மத்திய அரசின் மானியம் வாங்கும் பள்ளி சட்டப்படி கொடுத்தாக வேண்டிய உடன்படிக்கை அது. ஏழைப் பிள்ளைகளின் பெயரால் வரும் பணத்தில் பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு என்பதற்கான அடையாளம். அதன் வேர் 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஒரு காலத்தில் ஏழைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்தவர். அவர் அமெரிக்காவின் 36ஆவது அதிபர் லிண்டன் ஜான்சன்.

ஜான்சன் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வியட்நாம் போர்தான் நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு அவர் மீது இருக்கிறது, அதை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆனாலும் கல்வி விஷயத்தில் அவர் செய்ததையும் செய்யத் தவறியதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பணம் ஒதுக்குவது வேறு, அது உரியவரிடம் போய்ச் சேருவது வேறு என்ற பாடம் அவர் வாழ்க்கையிலிருந்து தெளிவாகக் கிடைக்கிறது.

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம்

லிண்டன் ஜான்சன் 1908 ஆகஸ்ட் 27 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டோன்வால் என்ற சிற்றூருக்கு அருகே, பெடர்நேல்ஸ் ஆற்றங்கரையில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அந்த மலைப்பகுதி பார்க்கப் பச்சையாக இருந்தாலும் மண் ஆழமில்லாதது. மழை பொய்த்தால் விவசாயி கடன்காரனாகிவிடுவான். தந்தை சாம் ஜான்சன் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். நிலத்தில் பணத்தைப் போட்டார், 1920களின் தொடக்கத்தில் பருத்தி விலை சரிந்தபோது கடனில் மூழ்கினார். ஊரில் மதிப்போடு நடந்த குடும்பம் கடைக்காரர் முன் தலைகுனிந்து நிற்கும் நிலைக்கு வந்தது. இந்த அவமானம் மூத்த மகனின் மனதில் கடைசிவரை ஆறவில்லை.

தாய் ரெபெக்கா பட்டப்படிப்புப் படித்தவர். அந்தக் காலத்தில் அந்தப் பகுதியில் அது அரிது. மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டில் அவர் மகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜங்ஷன் பள்ளி என்ற ஓரறைப் பள்ளிக்கூடம் இருந்தது. எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியை, பெயர் கேட் டெட்ரிக். லிண்டன் நான்கு வயதிலேயே அங்கே போய்ச் சேர்ந்தான். ஆசிரியையின் மடியில் உட்கார்ந்தால்தான் பாடம் படிப்பான் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த செய்தி. இந்தப் பள்ளிக்கூடத்தையும் இந்த ஆசிரியையையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1924இல் உயர்நிலைப் பள்ளி முடித்தான். கல்லூரிக்குப் போக மறுத்துக் கலிஃபோர்னியாவுக்குப் போய்க் கிடைத்த வேலை செய்தான். திரும்பி வந்து சாலை போடும் கூலியாளாக உழைத்தான். கை காய்த்த பிறகுதான் தாயின் சொல் மனதில் ஏறியது. 1927இல் கடன் வாங்கிக்கொண்டு சான் மார்க்கோஸ் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தான்.

கோட்டுலாவில் ஓராண்டு

படிப்புச் செலவுக்குப் பணம் போதவில்லை. ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு 1928இல் ஜான்சன் கோட்டுலா என்ற ஊருக்கு ஆசிரியராகப் போனார். மெக்சிகோ எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊர். அங்கே வெல்ஹவுசன் பள்ளி மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது 20. வகுப்பும் எடுத்தார், தலைமையாசிரியர் பொறுப்பும் அவருடையதே.

பிள்ளைகள் பலர் காலை உணவு இல்லாமல் வந்தார்கள். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர்கள். பள்ளியில் விளையாட்டுச் சாமான்கள் என்று எதுவும் இல்லை. ஜான்சன் தம் முதல் சம்பளத்தில் பந்தும் மட்டையும் வாங்கினார். பேச்சுப் போட்டி, எழுத்துக்கூட்டும் போட்டி என்று ஆரம்பித்தார். பள்ளிக் காவலாளிக்கு மாலை நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்.

அவர் கண்டிப்பானவர். பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் மொழி பேசினால் தண்டித்தார். தாய்மொழி பேசுவதற்காக அடி வாங்கிய பிள்ளைகள் அவரிடமும் உண்டு. ஆங்கிலம் தெரியாவிட்டால் முன்னேற முடியாது என்பது அவர் கணக்கு. வீட்டு மொழியைப் பள்ளி வாசலில் கழற்றி வைக்கச் சொன்னால், அந்த வீட்டுப் பெற்றோரும் வாசலோடு நின்றுவிடுவார்கள் என்பது அவருக்கு அப்போது புரியவில்லை. ஆனால் 40 ஆண்டுகள் கழித்து, 1968 ஜனவரி 2 அன்று, ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியின் துணையோடு கல்வி தர மத்திய நிதி வழங்கும் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இதே மனிதர்தான்.

படிப்பை நிறுத்தாமலிருக்க ஒரு வழி

1930இல் பட்டம் பெற்று ஹூஸ்டன் நகர உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பேச்சுக்கலை ஆசிரியராகச் சிறிது காலம் இருந்தார். 1931இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செயலாளராக வாஷிங்டன் போனவர் திரும்ப வகுப்பறைக்கு வரவில்லை. 1934இல் கிளாடியா டெய்லரை மணந்தார். லேடி பேர்ட் என்ற பெயரால் உலகம் அறிந்தவர் அவர்தான்.

1935இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேசிய இளைஞர் நிர்வாகம் என்ற அமைப்பை உருவாக்கினார். பொருளாதார மந்தத்தால் படிப்பை நிறுத்தும் நிலையிலிருந்த மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கொடுத்து, அந்தக் கூலியில் படிக்க வைப்பது திட்டம். டெக்சாஸ் மாநிலப் பொறுப்பு 26 வயது ஜான்சனுக்குக் கிடைத்தது. நாட்டிலேயே இளம் வயது மாநில இயக்குநர் அவர். நூலகம், ஆய்வுக்கூடம், சாலையோரப் பூங்கா என்று வேலைகளைக் கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான மாணவர்களைப் படிப்பில் நிறுத்தி வைத்தார். கறுப்பின மாணவர்களுக்கும் ஓரளவு பங்கு போய்ச் சேர வழி செய்தார்.

மத்திய அரசின் பணம் எப்படி ஊருக்கு வருகிறது, இடையில் யார் யார் கை வைக்கிறார்கள், எந்தத் தாளில் எவர் கையெழுத்து வேண்டும் என்பதையெல்லாம் அவர் படித்துக்கொண்ட இடம் இதுதான்.

1937இல் பிரதிநிதிகள் சபைக்கும் 1948இல் செனட் சபைக்கும் தேர்வானார். செனட் தேர்தலுக்கான கட்சி வேட்பாளர் தேர்வில் அவர் வென்றது வெறும் 87 வாக்குகளில். அதில் கள்ள வாக்குக் குற்றச்சாட்டு எழுந்தது, இன்றுவரை அது மறையவில்லை. தெற்கு மாநில அரசியல்வாதியாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் கறுப்பின மக்களின் உரிமை மசோதாக்களுக்கு எதிராகவே வாக்களித்தார். 1955இல் செனட்டில் பெரும்பான்மைத் தலைவரானார். 1961இல் துணை அதிபர். 1963 நவம்பர் 22 அன்று ஜான் கென்னடி கொல்லப்பட்டதும் அதிபர்.

மூன்று முட்டுக்கட்டைகள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம் நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு. அந்தந்த ஊர்க் கல்வி வாரியங்கள் வீட்டு வரி, நில வரி வசூலித்து நடத்துகின்றன. வசதியுள்ள ஊரில் வரி அதிகம், பள்ளி நன்றாயிருக்கும். ஏழை ஊரில் வரி குறைவு, பள்ளியும் அப்படியே. இதை ஈடுகட்ட மத்திய அரசு உதவ வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக நடந்தும் பொதுவான சட்டம் ஒன்றும் நிறைவேறவில்லை. கென்னடி 1961இல் கொண்டுவந்த மசோதாவும் பிரதிநிதிகள் சபையில் முடங்கியது.

தடைகள் மூன்று. முதலாவது இனப் பிரச்சினை. மத்தியப் பணம் வந்தால் வெள்ளையர் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்வார்கள் என்று தெற்கு மாநிலங்கள் அஞ்சின. இரண்டாவது சமயப் பள்ளிகள். கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய பள்ளிகளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுக்குப் பங்கில்லை என்றால் ஒரு சாரார் எதிர்த்தார்கள், பங்கு உண்டு என்றால் மறு சாரார் எதிர்த்தார்கள். மூன்றாவது, பணத்தின் பின்னால் வாஷிங்டனின் அதிகாரமும் வந்துவிடும் என்ற பயம்.

முதல் முடிச்சை 1964 ஜூலை 2இல் கையெழுத்தான குடிமை உரிமைச் சட்டம் அவிழ்த்தது. அதன் ஆறாம் பிரிவு, மத்திய நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்விக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று விதித்தது. ஆகவே கல்வி மசோதாவில் அதைத் திரும்பப் பேச வேண்டிய தேவை இல்லாமல் போனது.

இரண்டாவது முடிச்சுக்குக் கல்வி ஆணையர் பிரான்சிஸ் கெப்பலும் துறை அதிகாரி வில்பர் கோஹனும் வழி கண்டார்கள். உதவி பள்ளிக்கு அல்ல, ஏழைப் பிள்ளைக்கு என்று வைத்தார்கள். பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் அவனுக்குரிய கூடுதல் பாட உதவி அவனைத் தேடிப் போகும். சமயப் பள்ளியின் கையில் பணம் போகாது, அரசுக் கல்வி நிர்வாகமே அந்தச் சேவையை நடத்தும். அதில் சமயப் பாடம் இருக்காது. அமெரிக்காவில் இன்று இலாப நோக்கமற்ற இஸ்லாமியப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும், தகுதியுள்ள பகுதியில் வசித்துப் படிப்பில் பின்தங்கியிருந்தால், இந்த உதவியைக் கேட்க இடமிருப்பது இந்த ஏற்பாட்டினால்தான். அரசு ஆசிரியர் சமயப் பள்ளிக் கட்டிடத்துக்குள் போய்ப் பாடம் நடத்தலாமா என்ற வழக்கில் 1985இல் கூடாது என்ற உச்ச நீதிமன்றம், 1997இல் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

87 நாட்கள்

1964 தேர்தலில் ஜான்சன் 100க்கு 61 வாக்குகள் பெற்றுப் பெரும் வெற்றி அடைந்தார். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்பது நாடாளுமன்றத்தில் பழுத்த அவருக்குத் தெரியும். 1965 ஜனவரி 12 அன்று கல்வித் திட்டத்தை அனுப்பினார். பிரதிநிதிகள் சபையில் கென்டக்கியின் கார்ல் பெர்கின்ஸ், செனட்டில் ஓரிகனின் வெய்ன் மோர்ஸ் முன்னின்று நடத்தினார்கள். மார்ச் 26இல் 263க்கு 153 என்று ஒரு சபை, ஏப்ரல் 9இல் 73க்கு 18 என்று மறு சபை. ஒரு சொல்லும் மாறாமல் 87 நாட்களில் மசோதா நிறைவேறியது. தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் என்பது அதன் பெயர்.

அதன் மையம் முதல் தலைப்பு. டைட்டில் ஒன் என்று அமெரிக்கப் பெற்றோர் இன்றும் சொல்வது இதைத்தான். ஆண்டு வருமானம் 2,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களிலுள்ள பிள்ளைகளை எண்ணி, அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பப் பிள்ளைகளையும் சேர்த்து, அந்த எண்ணிக்கையை மாநிலம் ஒரு மாணவருக்குச் செய்யும் சராசரிச் செலவில் பாதியால் பெருக்கினால் வருவது ஒரு கல்வி மாவட்டத்தின் பங்கு. பணம் வாஷிங்டனிலிருந்து மாநிலக் கல்வித் துறைக்கும், அங்கிருந்து கல்வி மாவட்டத்துக்கும், அங்கிருந்து ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கும் போகும். சட்டத்தின் மொத்த மதிப்பு சுமார் 130 கோடி டாலர். அதில் 100 கோடிக்கு மேல் இந்தத் தலைப்புக்கு மட்டும்.

கையெழுத்திட வெள்ளை மாளிகையில் விழா வைக்கவில்லை. 1965 ஏப்ரல் 11 அன்று, தாம் நான்கு வயதில் நுழைந்த ஜங்ஷன் பள்ளியின் முன்னால் ஒரு மேசை போட்டுக் கையெழுத்திட்டார். கலிஃபோர்னியாவில் வசித்த கேட் டெட்ரிக் அம்மையாரை வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கோட்டுலாவில் தம்மிடம் படித்தவர்கள் சிலரையும் அழைத்திருந்தார்.

பணம் போன வழி

சட்டம் வந்துவிட்டது. பணமும் கிளம்பியது. பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சிகாகோ நகரப் பள்ளிகளில் இனப் பாகுபாடு நடக்கிறது என்ற புகாரின் பேரில் கெப்பல் அந்நகருக்குரிய சுமார் 3 கோடி டாலரை நிறுத்தி வைத்தார். சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி, ஜான்சனின் கட்சியில் செல்வாக்கு மிகுந்தவர். நேரடியாக அதிபரிடம் முறையிட்டார். சில நாட்களில் பணம் விடுவிக்கப்பட்டது. கெப்பல் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். விதியை எழுதிய அரசே, விதியை மீறியவர் பெரிய இடத்துக்காரர் என்றதும் பின்வாங்கியது.

தெற்கு மாநிலங்களில் மட்டும் நிலைமை மெல்ல மாறியது. பாகுபாடு காட்டினால் மானியம் போய்விடும் என்ற நெருக்கடி நீதிமன்ற உத்தரவுகளோடு சேர்ந்து வேலை செய்தது. 1964இல் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் அங்கே 100க்கு 2 பேர்கூட இல்லை. 1968இல் அது ஏறத்தாழ 32 ஆனது.

பணத்தைக் கண்காணிக்க வாஷிங்டனில் ஆள் போதவில்லை. ஊர் நிர்வாகத்தோடு சண்டை போடும் பழக்கமும் அந்த அலுவலகத்துக்கு இல்லை. செனட்டர் ராபர்ட் கென்னடி முன்பே இதை ஊகித்திருந்தார். பணத்தால் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று அளந்து அறிக்கை தர வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதால்தான் மதிப்பீட்டு விதியே சட்டத்தில் ஏறியது. ஆனால் அறிக்கைகள் வந்தன, அடுக்கி வைக்கப்பட்டன.

1969இல் ரூபி மார்ட்டின், ஃபில்லிஸ் மெக்ளூர் என்ற இரண்டு பெண்மணிகள் அரசின் தணிக்கைக் கோப்புகளைப் புரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான பணம் பல ஊர்களில் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுச் செலவாகப் போயிருந்தது. நீச்சல் குளம் வரை வாங்கியிருந்தார்கள். சில ஊர்களில் கறுப்பினப் பிள்ளைகளை அவர்கள் பழைய பள்ளியிலேயே நிறுத்தி வைக்க இந்தப் பணத்தைத் தூண்டிலாகப் பயன்படுத்தினார்கள். அமானிதமாகக் கொடுத்தது அடுத்தவர் கணக்கில் போயிருந்தது.

நுட்பமான ஏமாற்று வேறொன்று உண்டு. ஒரு நகரத்தில் பத்துப் பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதுக்கு நகரக் கல்வி வாரியம் தன் சொந்தப் பணத்தில் நூலகம் கட்டுகிறது. பத்தாவது ஏழைப் பள்ளி. அதற்கும் நூலகம் வருகிறது, ஆனால் மத்திய மானியத்தில். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். உண்மையில் அந்த ஏழைப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, நகர வாரியத்துக்குத்தான் செலவு மிச்சம். மேலதிகமாகக் கொடுக்க வந்த பணம் அடிப்படைச் செலவை விழுங்கிவிட்டது. இதைத் தடுக்க 1970இல் காங்கிரஸ் இரண்டு விதிகளைச் சேர்த்தது. மத்திய மானியம் உள்ளூர்ப் பணத்தோடு கூடுதலாகச் சேர வேண்டும், அதற்கு மாற்றாக இருக்கக் கூடாது என்பது ஒன்று. முதலில் ஏழைப் பள்ளிக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் உள்ளூர்ப் பணம் சமமாகப் போயிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

பெற்றோருக்கு ஒரு நாற்காலி

கணக்குப் பார்க்க அதிகாரிகள் போதாது என்றால் வேறு யார் பார்ப்பது? பிள்ளையைப் பெற்றவர்கள்தான்.

இந்த எண்ணத்துக்கு வித்து ஜான்சனின் இன்னொரு திட்டத்தில் இருந்தது. 1964 ஆகஸ்ட் 20இல் அவர் கையெழுத்திட்ட வறுமை ஒழிப்புச் சட்டத்தில், திட்டம் யாருக்காகவோ அந்த மக்களே இயன்ற அளவு அதன் நடத்தலில் பங்கேற்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதன் கீழ் 1965 கோடையில் ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் திட்டம் தொடங்கியது. முதல் கோடையிலேயே 5 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். தாய்மார்கள் உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். 1970இல் வந்த விதிகள், திட்டக் குழுவில் பாதிக்குக் குறையாத இடம் பெற்றோருக்கு என்று நிர்ணயித்தன.

மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினப் பெற்றோர்களே முன்னின்று இந்த மையங்களை நடத்தினார்கள். பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்த பெண்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் ஆள் நியமிக்கவும் தொடங்கினார்கள். இது அம்மாநில செனட்டர் ஜான் ஸ்டெனிஸுக்குப் பொறுக்கவில்லை. அவர் பிடித்த பிடி கணக்குப் புத்தகம். நிதி நிர்வாகத்தில் ஒழுங்கில்லை என்று குற்றம் சாட்டினார். 1966இல் ஜான்சன் அரசு நிதியை நிறுத்தியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. நல்ல நோக்கம் இருந்தால் போதும், ரசீது பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கும் எந்த அமைப்புக்கும் இது எச்சரிக்கை. எதிர்ப்பவர் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

முதல் தலைப்பு மானியத்தில் பெற்றோருக்கு இடம் கிடைத்தது ஜான்சன் பதவியை விட்ட பிறகு. 1974இல் ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் மானியம் பெறும் ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆலோசனைக் குழு கட்டாயமானது. 1981இல் அதிபர் ரீகன் காலத்தில் அந்தக் கட்டாயம் எடுபட்டது. 1988இல் பெற்றோர் பங்கேற்பு விதிகள் திரும்பவும் வலுப்பட்டன. 1994இல் நாம் முதலில் சொன்ன பள்ளி–பெற்றோர் உடன்படிக்கை வந்தது. 5 லட்சம் டாலருக்கு மேல் மானியம் பெறும் கல்வி மாவட்டம் அதில் குறைந்தது 100க்கு 1 பங்கைப் பெற்றோர் தொடர்புக்கென்று ஒதுக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது.

2015 டிசம்பர் 10இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட திருத்தம் இன்று நடைமுறையில் உள்ளது. பெற்றோர் என்ற சொல்லோடு குடும்பம் என்ற சொல்லையும் அது சேர்த்தது. பாட்டி வளர்க்கும் பிள்ளையும் மாமா வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளையும் அதில் அடங்குவார்கள். அதன்படி பள்ளி செய்ய வேண்டியவை பல. பெற்றோரோடு கலந்து எழுத்துப்பூர்வமான கொள்கை வகுக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை கூட்டம் போட்டு இந்த மானியத்தையும் அதில் பெற்றோருக்குள்ள உரிமையையும் விளக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாகக் காலையிலோ மாலையிலோ கூட்டம் வைக்க வேண்டும். முடிந்த அளவு பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும். ஒதுக்கிய 1 பங்கில் 100க்கு 90க்குக் குறையாமல் பள்ளிகளுக்குப் போக வேண்டும், அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும். திட்டம் பிடிக்கவில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளையும் இணைத்தே மேலே அனுப்ப வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பல பள்ளிகள் இதை ஒரு சடங்காக முடித்துவிடுவது உண்டு. கூட்டம் நடந்தது என்பதற்கு வருகைப் பதிவேடும் கையெழுத்தான தாளும் கோப்பில் இருந்தால் தணிக்கையாளர் திருப்தியடைந்துவிடுவார். கூட்டத்தில் பெற்றோர் பேசினார்களா, பேசியது கேட்கப்பட்டதா என்பதைக் கோப்பு சொல்லாது.

முடிவும் மிச்சமும்

ஜான்சன் 1965 நவம்பரில், தாம் படித்த சான் மார்க்கோஸ் கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். 1966 நவம்பரில் கோட்டுலா வெல்ஹவுசன் பள்ளிக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். அதற்குள் வியட்நாம் போர் அவரைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கும் வறுமை ஒழிப்புக்கும் போகவேண்டிய பணம் குண்டுகளுக்குப் போனது. 58,000க்கும் அதிகமான அமெரிக்கர்களும் அதைவிடப் பல மடங்கு வியட்நாம் மக்களும் அந்தப் போரில் மாண்டார்கள். ஒரு நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சட்டம் எழுதிய கை இன்னொரு நாட்டின் ஏழைப் பிள்ளைகள் மேல் குண்டு போடவும் உத்தரவிட்டது. 1968 மார்ச் 31 அன்று, அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். 1973 ஜனவரி 22இல் தம் பண்ணை வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 64.

1965 அக்டோபர் 3இல் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், நாடு பார்த்து ஆள் சேர்க்கும் பழைய ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. ஆசிய நாட்டவருக்கு அமெரிக்கக் கதவு அகலத் திறந்தது அதனால்தான். நம் ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பள்ளிகளில் உட்கார்ந்திருப்பதற்கும், அந்தப் பள்ளி அவர்கள் பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்பதற்கும், ஒரே ஆண்டில் வந்த இரண்டு சட்டங்கள் காரணம்.

முதல் தலைப்பு மானியம் இன்று ஆண்டுக்கு சுமார் 1,800 கோடி டாலர். தொகை எவ்வளவு பெரிதானாலும், அது ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் மேசைக்கு வந்து சேர்ந்ததா என்பதை வாஷிங்டனில் இருப்பவர் பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர் அந்தப் பிள்ளையின் உம்மாவும் வாப்பாவும்தான்.

ஆகவே அமெரிக்காவிலிருக்கும் நம் சகோதர சகோதரிகள் அடுத்த முறை அந்தத் தாள் வரும்போது படித்துப் பாருங்கள். எங்கள் பள்ளி டைட்டில் ஒன் பள்ளியா, ஆண்டுக் கூட்டம் எப்போது, குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு எவ்வளவு, அது எதற்குச் செலவானது என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கோட்டுலாவில் கூலி வேலை பார்த்த பெற்றோர்களுக்கு அன்று இந்தக் கேள்விகளைக் கேட்க இடமில்லை. அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்த வாத்தியார் பின்னாளில் எழுதிய சட்டத்தால் இன்று அந்த இடம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.